பூட்டுப் போட முடியாத சரக்கு

கிளவுட் விற்கிற தொழிலில் முதல் கஷ்டம், வாங்குகிறவர் தட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது என்பதுதான். புடவைக்காரர் மடிப்பை உதறிக் காட்டலாம். கிரைண்டர்காரர் கல்லைச் சுற்றிக் காட்டலாம். நான் எதைக் காட்டுவேன்?

புனேவுக்கு வெளியே சாகண் பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளில் போய் உட்கார்ந்து, "ஆபீஸ் மூலையில் இரைகிற அந்த சர்வர் பெட்டியைத் தூக்கிவிடுங்கள். உங்கள் கணக்கு, வரைபடம் எல்லாம் வேறு ஊரில் பெரிய கட்டடத்தில், ஒன்றுக்கு இரண்டு பிரதியாகப் பத்திரமாக இருக்கும். வேண்டும்போது இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். உபயோகித்த அளவுக்கு வாடகை" என்று சொல்வது என் பிழைப்பு. கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து விஷ்ராந்த்வாடியில் குடியேறியதிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததை விற்று வயிறு வளர்க்கும் இன்சூரன்ஸ்காரர்களே, டியூஷன் சென்டர்காரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். நான் விடுவதாக இல்லை.

சாவி பெல்ட்டில் இருக்கிறது

இனாம்தார் சேட்டுக்கு சாகணில் பிரஸ் ஷாப். ஒரு பெரிய வண்டிக் கம்பெனிக்குத் தகடு பாகங்கள் அடித்துக் கொடுக்கிறார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் அவருடைய சர்வர், அதற்கென்று ஒரு ஏசி, கதவில் திண்டுக்கல்லே பொறாமைப்படும் அளவுக்கு ஒரு பூட்டு. சாவி சேட்டின் பெல்ட்டில் சங்கிலி போட்டுத் தொங்கும்.

முதல் நாள் நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார். அந்தப் பெரிய கட்டடம் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். இருக்கிற ஊரைச் சொல்லலாம், உள்ளே விடமாட்டார்கள் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இங்கே அக்காவைத் 'தாயி' என்பார்கள். தலை நரைத்த மனிதர் என்னை அக்காவாக்கிவிட்டு, சாவியை ஆட்டிக்கொண்டே மராத்தி கலந்த ஹிந்தியில் சொன்னார்: "தாயி, பூட்டுப் போட முடியாத சரக்கை நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்லை."

அடித்த வரி

எங்கள் முதலாளி ஜோஷி நல்ல மனிதர்தான், நோட்டீஸ் எழுதாதவரை. கிளவுட்டின் நன்மைகள் என்று அழகாக ஒரு நோட்டீஸ் அச்சடித்திருந்தார். ஆபீஸ் மெஷின் கெட்டாலும் தகவல் கெடாது. எங்கிருந்தும் பார்க்கலாம். பழசான மெஷினை மாற்றும் செலவில்லை. வேலை கூடினால் இடத்தைக் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம். இதுவரைக்கும் சத்தியம். கடைசியில் தடித்த எழுத்தில் "ஆட்களைக் குறைக்கலாம்" என்று ஒரு வரி.

அந்த வரியை நான் ஒவ்வொரு நோட்டீஸிலும் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அது நன்மையா? யாருக்கு நன்மை? ஒரு நாள் ஜோஷியின் கையிலேயே நான் அடித்த நோட்டீஸ் ஒன்று கிடைத்துவிட்டது. கூப்பிட்டு உட்கார வைத்தார். தீபாவளிக்குள் இனாம்தார் சேட் கையெழுத்துப் போடாவிட்டால் சிறு தொழிற்சாலைப் பிரிவையே மூடிவிடுவதாகவும், என்னைப் போனில் புகார் கேட்கிற மேஜைக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு "மன்னிக்கவும் சார்" சொல்கிற வேலை அது. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எழுந்து வரும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "மாலதி, நீ அடித்துக்கொண்டே இரு, நான் அச்சடித்துக்கொண்டே இருக்கிறேன்!"

டிபன் பைக்குள் ஒரு கம்பெனி

சேட்டின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் குல்கர்ணி. ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பார். பெட்டியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இவர்" என்றுதான் சொல்வார். சாயங்காலம் அன்றைய பிரதியை ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். எப்படி? டிபன் பையில். பாக்ரி என்கிற சோள ரொட்டி கட்டி வந்த துணியில் டிஸ்கைச் சுற்றி, டேச்சா என்கிற மிளகாய்த் துவையல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு போவார். மழை கொட்டினால் தன் ரெயின்கோட்டைக் கழற்றிப் பையின் மேல் போடுவார்.

எனக்கு அவர் மேல் முதலில் எரிச்சல்தான். என்ன கேட்டாலும் "பாஸ்வேர்ட் தேடணும்", "சேட்டைக் கேட்கணும்" என்று இழுத்தடிப்பார். ஒரு நாள் பொறுமை போய், "குல்கர்ணி சார், உங்களுக்கு என்னதான் பிரச்சினை? நேராகச் சொல்லுங்கள்" என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மேடம், இவர் போயிட்டா இந்தக் கம்பெனியில நான் யாரு?"

வீடு வருகிற வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

"குல்கர்ணிக்கு வேலை போனால் அது பெரிய அநியாயம்" என்று அடுத்த வாரம் ஜோஷியிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அது கிளையன்ட்டோட தலைவலி, நம்மோடது இல்லை."

மாவில் விழுந்த போன்

எங்கள் எதிர்வீட்டு செல்வி அக்கா இங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பாவும் கணவரும் ஆர்டினன்ஸ் பேக்டரி ஆட்கள். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, சுற்றுவட்டார ஐடி பையன்களுக்கு விற்கிறார். யாருக்கு எத்தனை பாக்கெட், எந்த பில்டிங் என்பதையெல்லாம் இணையத்தில் இருக்கிற ஒரு பட்டியலில் போட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான். விற்கத் தெரியாவிட்டாலும் சும்மா கொடுக்கத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டிலிருந்து ஒரே கூச்சல். குனிந்தபோது போன் நழுவி மாவு வாளிக்குள் விழுந்து முங்கிவிட்டது. எடுத்துத் துடைத்தால் அது கண்ணே திறக்கவில்லை. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். நான் அவர் கணவரின் பழைய போனில் அக்காவின் கணக்கைத் திறந்து நீட்டினேன். பட்டியல் அப்படியே இருந்தது. அக்கா போனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், வாயெல்லாம் பல்லாக ஒரு கத்தல்: "அடியே மாலு, மாவு பூரா கராப், ஆர்டர் பூரா சேஃப்!"

சேட் கொடுத்த ஓரம்

மறுநாளே சாகண் போய் இந்தக் கதையைச் சேட்டிடம் சொன்னேன். நோட்டீஸால் அசையாத மனிதர் மாவு வாளியில் அசைந்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்து, அக்காவின் கணவருக்கு மாவு வீணானதற்கு யார் பதில் சொன்னது என்றுகூட விசாரித்தார். லாரிக்கு பில் போடுகிற டெஸ்பாட்ச் பகுதியை மட்டும் பரீட்சைக்காக கிளவுட்டில் ஏற்றிப் பார்க்கச் சம்மதித்தார். மற்றதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். சரிப்பட்டால் தசராவுக்குப் பிறகு கையெழுத்து, பெட்டிக்கு ஓய்வு.

இணையம் அறுந்தால் என்ன செய்வாய் என்றார். இரண்டு லைன் போடலாம், இரண்டும் போனால் கைப்போனிலிருந்து எடுக்கலாம் என்றேன். குல்கர்ணி மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேட் விரலை நீட்டி எச்சரித்தார்: "ஒரு லாரி நின்னுச்சுன்னா, தாயி, நீ சாகண் பக்கமே வரக்கூடாது."

கடைசிக் குளியல்

நமக்கு ஆயுத பூஜை. இங்கே அதே நாள் கண்டே நவமி. பிரஸ் மெஷின், ஸ்பானர், லாரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, குங்குமம் வைத்து, துலுக்கச் சாமந்தி மாலை போடுவார்கள். சர்வருக்கும் உண்டு. வருஷாவருஷம் குல்கர்ணி அதைப் பெயின்ட் பிரஷ்ஷால் பூப்போலத் தூசு தட்டுவார். அந்த வருஷம் 'இவருக்கு' இதுதான் கடைசி பூஜை என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. குறைவில்லாமல் அனுப்பி வைக்க வேண்டும் என்று நினைத்து, மூடியைக் கழற்றி, ஷாப்பில் மெஷின்களை ஊதுகிற கம்ப்ரஸர் குழாயை இழுத்து வந்து உள்ளே நன்றாக ஊதிவிட்டார். அந்தக் குழாயில் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். பிரஸ் மெஷினை அது ஒன்றும் செய்யாது. சர்வருக்கு எமன்.

தசரா விடுமுறை முடிந்து சுவிட்சைப் போட்டால் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புகை. அவ்வளவுதான். வாசலில் சரக்கு ஏற்றிய லாரி. போனில் வண்டிக் கம்பெனிக்காரர்கள். பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. நான் போய்ச் சேர்ந்தபோது குல்கர்ணி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் வியர்வை. அவர் கைப்போனிலேயே கிளவுட்டைத் திறந்து கொடுத்தேன். அவரே பில்லைப் போட்டார். பிரின்டர் காகிதத்தைத் துப்பியது, லாரி கிளம்பியது. நான் குதிக்காத குறை. குல்கர்ணி மட்டும் காய்ந்துபோன மாலையோடு கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானே என் கையால..."

கையெழுத்து

சேட் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். என்னிடம், "காகிதத்தைக் கொண்டா, எல்லாத்தையும் ஏத்திடு" என்றார். குல்கர்ணியிடம், "நீ இந்த மாசத்தோட நின்னுக்கோ" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்றேன். மேஜையில் கிடந்த நோட்டீஸைத் தட்டிக் காட்டினார். ஜோஷி நேராக அனுப்பி வைத்தது, பேனா படாதது. ஆட்களைக் குறைக்கலாம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எடுத்த காகிதத்தைப் பைக்குள் வைத்தேன். "அப்படியென்றால் கையெழுத்து வேண்டாம், சேட். லாரி போனது என் சரக்கால். ஆனால் பெட்டியில் இருந்த மற்ற எல்லாம், உங்கள் கணக்கு, வரைபடம், இவர் டிபன் பையில் பத்திரமாக இருக்கிறது. பூட்டு இல்லை என்றீர்களே, கிளவுட்டுக்கும் பூட்டு உண்டு. அது பாஸ்வேர்ட். அதை பெல்ட்டில் தொங்கவிட முடியாது, நம்புகிற ஒரு ஆளிடம்தான் கொடுக்க முடியும். மழையில் தான் நனைந்து உங்கள் டிஸ்கை நனையாமல் கொண்டுபோகிற இன்னொரு ஆளைத் தேடிப் பிடியுங்கள், நானே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். போன் அடித்தது. ஜோஷி. கட் செய்தேன். புகார் மேஜையும் ஹெட்போனும் கண் முன்னால் வந்தது உண்மை. ஆனாலும் எழுந்துவிட்டேன். கதவருகே சேட்டின் குரல் கேட்டது: "விற்க வந்தவளே சரக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன்னு மிரட்டறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!"

பொட்டு யாருக்கு?

மறு வாரம் சேட்டே கூப்பிட்டார். கையெழுத்தாயிற்று. டிபன் பையிலிருந்த டிஸ்கை குல்கர்ணியே ஏற்றினார், பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கிறது. சிறு தொழிற்சாலைப் பிரிவு மூடவில்லை, நானும் மன்னிப்பு மேஜைக்குப் போகவில்லை. ஜோஷி என்னோடு சில நாள் பேசவில்லை. பிறகு அச்சடித்த புது நோட்டீஸில் அந்த வரி மட்டும் காணோம்.

இந்த வருஷம் கண்டே நவமிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எல்லா மெஷினுக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த சேட் மாடிப்படிக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார். அறையில் பெட்டி இல்லை, பூட்டும் இல்லை. இப்போது அங்கே குல்கர்ணியின் மேஜை. கையில் தட்டு, தட்டில் மாலை. எதற்குப் போடுவது? சேட் என்னைப் பார்த்தார், வெற்று மூலையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்ற குல்கர்ணியின் நெற்றியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்து, கழுத்தில் துலுக்கச் சாமந்தி மாலையைப் போட்டார். குல்கர்ணி கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைத்தது கண்ணாடியை அல்ல. நானும் அழுதேன், ஒளிப்பானேன்? சேட் அதட்டினார்: "அசையாம நில்லுடா, இந்த வருஷம் சர்வர் நீதான்!"

கண்ணுக்குத் தெரியாத சரக்கைத்தான் விற்கிறேன், ஆனால் அதை வாங்கிய இடத்தில் ஒரு ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போனால் இந்தத் தாயி சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று சேட்டே சாகண் முழுக்கச் சொல்லி வருவதால், எனக்கு நோட்டீஸ் அச்சடிக்கிற செலவும் மிச்சம்.