யூஜினி தோற்ற தேர்தல்

1988 நவம்பரில் கனடாவின் ஸ்காபரோ நகரசபைத் தேர்தலில் யூஜினி நின்றபோது அவருக்கு விசர் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் அவருடைய கையால் சாப்பிட்டவர்கள். இலங்கையில் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கிய எத்தனையோ பொடியன்கள் முதல் கிழமைகளில் அவருடைய வீட்டு நிலத்தில்தான் படுத்து எழும்பினார்கள். அவர்களுக்கு வேலை எடுத்துக் கொடுத்து, பனிக்காலக் கோட்டு வாங்கிக் கொடுத்து, எந்த பஸ் எங்கே போகும் என்று காட்டியதும் அவர்தான். பிறகு அவர்கள் வீடு மாறினார்கள், கார் வாங்கினார்கள். யூஜினி இருந்த பதினோராம் மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

யூஜினி மன்னார் பேசாலைக்காரி. கணவர் அல்பேட்டோடு இங்கிலாந்து போய், அங்கிருந்து எழுபத்தைந்தில் ரொறன்ரோவுக்கு வந்தவர். அல்பேட் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றும் வேலை செய்தார். யூஜினிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. ஒரே மகள் கிளடிஸ். யூஜினி பணிந்து போகிற ஆள் இல்லை. சூப்பில் தண்ணீரைக் கூட்டச் சொன்ன மேலதிகாரிக்கு முன்னால் அந்தச் சூப்பையே ஒரு கோப்பையில் வைத்து, அவர் குடித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். அந்த மனுசன் குடித்தான். அடுத்த நாள் சூப்பு தடிப்பாக இருந்தது.

அவர்கள் இருந்த கட்டடத்தில் இரண்டு எலிவேற்றர்கள். ஒன்று நின்று மாதக்கணக்காகிவிட்டது. மற்றது நினைத்தால் ஓடும், நினைத்தால் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கும். பிள்ளைகளோடு தாய்மாரும், ஊன்றுகோலோடு கிழவர்களும் படியில் ஏறி இறங்கினார்கள். முறைப்பாடு செய்தால் கட்டடக் கம்பனி ஒரு அறிவித்தலை ஒட்டும். அவ்வளவுதான்.

1987 ஜனவரியில், மற்ற எலிவேற்றரும் நின்றுபோன ஒருநாள், வேலையால் வந்த அல்பேட் படியேறித்தான் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். அம்புலன்ஸ்காரர் இருவர் தங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பதினொரு மாடி ஏறி மூச்சிரைக்க வந்தார்கள். அல்பேட்டை ஒரு கதிரையில் வைத்துக் கட்டி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். யூஜினி அவருடைய கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். வெளியே குளிர், ஆஸ்பத்திரியால் திரும்பி வரும்போது போட வேண்டுமே என்று நினைத்தாராம். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் அவர்கள் கதிரையைக் கீழே வைத்தார்கள். ஒருவர் முழங்காலில் நின்று நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அல்பேட்டின் உயிர் அங்கேயே போய்விட்டது.

செத்தவீடு முடிந்த அடுத்த கிழமையே யூஜினி கட்டடக் கம்பனிக்குப் போனார். அவர்கள் அனுதாபம் தெரிவித்தார்கள். பிறகு அந்த வட்டாரத்து நகரசபை உறுப்பினர் டொனலியிடம் போனார். வெள்ளைத் தலையும் நல்ல சிரிப்பும் கொண்ட மனுசன் அவர், பல தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர். அவரும் அனுதாபம் தெரிவித்தார், கம்பனிக்கு எழுதுவதாகச் சொன்னார். கோடை வந்து போனது. யூஜினி மறுபடியும் போனார். மூன்றாம் தடவை போனபோது டொனலி வாசல்வரை வந்து, தோளில் கை வைத்து, உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டடங்களில் இருப்பவர்கள் வாக்குப் போட வருவதில்லை, வாக்குப் போடாதவர்களுக்காக நகரசபையில் யாரையும் அசைப்பது கஷ்டம் என்றார். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

பஸ்சில் திரும்பி வரும்போது, தானே நிற்பது என்று யூஜினி முடிவு செய்தார்.

முதலில் அதைச் சொன்னது அருள்நாயகத்திடம். அருள்நாயகம் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், காப்புறுதி விற்கிறவர். அதே வட்டாரத்தில் ரூஜ் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டில் இருந்தார். அல்பேட்டின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். அவர் கதிரையிலிருந்து எழும்பி நின்றே பதில் சொன்னார்.

"நில்லுங்கோ அக்கா. எங்கடை சனத்தின்ரை ஒரு வாக்கும் வெளியாலை போகாது. அது என்ரை பொறுப்பு."

அந்தச் சொல்லை நம்பித்தான் யூஜினி இறங்கினார். ஒன்பதாம் மாடியில் இருந்த ஜமேக்காக்காரி பேர்ள் அவரோடு சேர்ந்தார். மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்து ஏழாம் மாடியில் இருந்த இரத்தினவேல், பெட்டி செய்யும் ஃபக்டரியில் வேலை முடிந்ததும் நேரே வந்து துண்டுப்பிரசுரம் கொடுப்பார். இன்னும் குடியுரிமை கிடைக்காததால் அவருக்கு வாக்கு இல்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாக்கு இல்லை. ஆனாலும் அவர்கள்தான் கதவு கதவாகத் தட்டினார்கள். யூஜினியின் இங்கிலிஷ் குசினி இங்கிலிஷ். அவர் எலிவேற்றரைப் பற்றியும் அல்பேட்டைப் பற்றியும் மட்டுமே பேசினார். கதவைத் திறந்தவர்களுக்கு அது விளங்கியது.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு மாதாகோயிலில் தமிழ்ப் பூசை நாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் அருள்நாயகமும் சங்கத்து ஆட்கள் சிலரும் துண்டுகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்று யூஜினியின் கைக்கும் வந்தது. தமிழில் அச்சடித்த துண்டு. மேலே டொனலியின் சிரித்த படம், கீழே நமது சமூகத்தின் நண்பருக்கு வாக்களியுங்கள் என்ற வரி, அதற்குக் கீழே சங்கத்தின் பெயர்.

யூஜினி அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு நேரே அருள்நாயகத்துக்கு முன்னால் போய் நின்றார். 

"அக்கா, கோவிக்காதேங்கோ," என்றார் அருள்நாயகம். "வெல்லுற ஆளோடை நிண்டால்தான் எங்களுக்கு ஏதும் கிடைக்கும். தமிழ்ப் பள்ளிக்கு மண்டபம் எடுத்துத் தாறன் எண்டு மனுசன் சொல்லியிருக்கிறார். நான் எனக்காகக் கேக்கேல்லை, சனத்துக்காகத்தான்."

"அப்ப நான் ஆருக்காக நிக்கிறன்? நான் வெண்டால் அல்பேட் எழும்பி வருவார் எண்டே?"

"நீங்கள் வெல்லமாட்டியள் அக்கா. அது எல்லாருக்கும் தெரியும்."

"வெல்லமாட்டன் எண்டு எனக்கும் தெரியும். நீ அண்டைக்கே அதைச் சொல்லியிருக்கலாம். அல்பேட்டின்ரை பெட்டியைத் தூக்கின கையாலை உந்தத் துண்டை நீட்டுறாயே, அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

அருள்நாயகம் துண்டு கொடுப்பதை நிறுத்தவில்லை. யூஜினி கார் தரிப்பிடத்தைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்த்தார். அருள்நாயகம் அடுத்த ஆளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தேர்தல். யூஜினியின் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் வாக்குச்சாவடி அவரவர் கீழ்த்தளத்தில் இருந்தது. பேர்ள் ஒவ்வொரு மாடியாகப் போய்ச் சனத்தை இறக்கினார். அன்றைக்கும் எலிவேற்றர் ஓடவில்லை. அதனால் படிக்கட்டில் வரிசை நின்றது. வயதானவர்கள் கைபிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார்கள். வாக்குப் போட்டுவிட்டு மேலே ஏற முன்னம் யூஜினி கொண்டுவந்து வைத்திருந்த தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

அன்று இரவே முடிவு தெரிந்துவிட்டது. டொனலி பெரிய வித்தியாசத்தில் வென்றார். நான்கு பேரில் யூஜினி மூன்றாவது. அது யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டு கட்டடங்களிலும் டொனலிக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு அவருக்குக் கிடைத்திருந்தது. யூஜினி வீட்டுக் குசினியில் நின்ற பேர்ள் கையைத் தட்டிச் சிரித்தார். அப்போதுதான் இரத்தினவேல் வந்தார். ரூஜ் பக்கத்துப் பள்ளிக்கூடச் சாவடியில் யூஜினியின் சார்பில் எண்ணுவதைப் பார்க்கப் போனவர் அவர். சங்கத்தின் முக்கால்வாசிப் பேர் வாக்குப் போட்ட சாவடி அது. குளிர்த் தொப்பியைக் கழற்றாமல் கதவடியில் நின்றார்.

"எத்தினை?" என்று கேட்டார் யூஜினி.

"ஏழு, அக்கா."

"எழுபதோ?"

"இல்லை அக்கா. ஏழு."

யூஜினி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அந்தச் சாவடியில் வாக்குள்ள தமிழ் வீடுகள் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். இன்னார் வீட்டில் மூன்று, இன்னார் வீட்டில் இரண்டு என்று அவர் மனதுக்குள் ஓட்டியிருப்பார். யார் வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் சமைத்தார், யாருடைய தம்பி அவர் வீட்டில் மாதக்கணக்கில் இருந்தான் என்பதெல்லாம் வந்திருக்கும். அவர் அழவில்லை. கையிலிருந்த துவாயை முறுக்கிக்கொண்டே இருந்தார். கிளடிஸ் பக்கத்தில் வந்து, "அம்மா, just let it go," என்றாள்.

"விட்டுவிட அதென்ன பட்டமே?" என்றார் யூஜினி. பிறகு இரத்தினவேலைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிப்போட்டு வந்து சாப்பிடச் சொன்னார்.

மார்கழியில் நகரசபைப் பரிசோதகர்கள் வந்தார்கள். அதுவரை வராதவர்கள் ஒரே கிழமையில் இரண்டு தடவை வந்தார்கள். தை மாதம் கம்பனிக்கு உத்தரவு போனது. பங்குனியில் இரண்டு எலிவேற்றர்களையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பூட்டினார்கள். டொனலியின் அலுவலகத்திலிருந்து கம்பனிக்கு நாளாந்தம் அழைப்புப் போனதாகக் கட்டடத்துக் காவலாளி சொன்னான். யார் யாருக்கு எந்தச் சாவடியில் எத்தனை விழுந்தது என்பதை டொனலியும் பார்த்திருக்கிறார்.

சனம் கொண்டாடியது. தோற்றும் வென்றுவிட்டீர்கள் என்று யூஜினியைக் கட்டிப்பிடித்தார்கள். அவருக்கு அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க உடம்பு பற்றியெரிந்தது. செய்ய முடியாத காரியம் என்றால் அவர் ஆறியிருப்பார். மூன்று மாதத்தில் முடித்த காரியத்துக்காக அல்பேட் படியில் கிடந்து செத்தார் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

புதிய எலிவேற்றர்களைத் திறந்து வைக்க டொனலி வந்தார், உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் ஒரு பெண்ணோடு. முன்வாசலில் கூட்டம் நின்றது. யூஜினி வேலைக்குப் போகும் உடுப்போடு வந்து ஓரமாக நின்றார். டொனலி அவரைக் கண்டு, பக்கத்தில் வந்து நின்று பொத்தானை அமத்தும்படி கேட்டார்.

"இதை நீங்கள் எண்பத்தேழிலையும் செய்திருக்கலாம்தானே?" என்று தன்னுடைய குசினி இங்கிலிஷில் கேட்டார் யூஜினி.

இப்படியான காரியங்களுக்குக் காலம் எடுக்கும் என்றார் டொனலி.

"காலம் எடுக்கேல்லை. வாக்குத்தான் எடுத்தது," என்றார் யூஜினி. படம் எடுக்கும் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குப் படம் வேணுமெண்டால் ஐஞ்சாம் மாடிப் படிக்கு வாங்கோ. என்ரை மனுசன் செத்த இடத்தைக் காட்டுறன்."

அந்தப் பெண் உண்மையாகவே அவரோடு போனாள். படியில் நின்ற யூஜினியைப் படம் எடுத்தாள். பத்திரிகையில் வந்தது டொனலி பொத்தானை அமத்தும் படம்தான்.

தமிழ்ப் பள்ளிக்குச் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபம் கிடைத்தது. பிள்ளைகள் படிக்கட்டும் என்று மட்டும் யூஜினி சொன்னார். அந்த மண்டபத்து வாசலை அவர் மிதிக்கவில்லை. கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் பேர்ளும் அவரும் வாடகைக்காரரைக் கூட்டிப் பேசத் தொடங்கினார்கள். குடியுரிமைக்கு எழுதிப்போட்டவர்கள் எல்லாரையும் இரத்தினவேல் அங்கே கூட்டிவந்தார். அடுத்த தேர்தலில் நிற்பீர்களா என்று கேட்டவர்களிடம், அவர்களுடைய குடியுரிமை எந்த அளவில் நிற்கிறது என்று யூஜினி திருப்பிக் கேட்டார்.

எண்பத்தொன்பது நத்தாருக்கு அருள்நாயகம் வந்தார். புதிய எலிவேற்றரில் ஏறி வந்து, கேக் பெட்டியோடு கதவடியில் நின்றார். வீட்டிலே செய்தது, மனுசி தந்துவிட்டவ என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நடந்ததை மறந்துவிடும்படி கேட்டார்.

யூஜினி பெட்டியை வாங்கினார். "உன்ரை மனுசிக்கு நன்றி சொல்லு," என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.  யூஜினி கதவைச் சாத்தினார்.

வந்தது யார் என்று கிளடிஸ் அறைக்குள்ளிருந்து கேட்டாள். யூஜினி சொன்னார். கேக்கை வெட்டி, பாதியை ஒரு தட்டில் வைத்து, ஒன்பதாம் மாடியில் பேர்ளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி மகளை அனுப்பினார். மிச்சத்தில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நல்ல கேக். அதுவும் அவருக்கு ஆத்திரமாக இருந்தது.