அமலாவின் பாஸ்வேர்டு

போன வாரம் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணைப் பார்த்ததும், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எழுபது தாண்டியவனுக்கு இது தேவையா?

பலிக்கவில்லை.

"இன்னா சார், விளம்பரத்த இம்மாம் அக்கறையா படிச்சிக்கினு கீறீங்க? பொண்ணு பாக்கறீங்களா?"

அமலா. பக்கத்தில் பெருநகர் என்ற ஊரைச் சேர்ந்தவள். மூன்று மாதம் முன்பு வரை எங்கள் அதிர்வுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இப்போது செருப்புக் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

அவள் வேலை போனது என்னால்தான். அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கூடத்துக்கு ஆலோசகராகப் போய்வந்தேன். மோட்டார், பம்ப் எதுவானாலும் அதன் மேல் ஒரு சென்சாரை ஒட்டுவோம். அதன் நடுக்கம் மின்சிக்னலாக வரும். அதைப் படித்து, இயந்திரம் நலமா, நோயா என்று ரிப்போர்ட் கொடுப்போம்.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் அளவு எண் உண்டு. எல்லா எண்களும் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். கருவி அதை அப்படியே நம்பும். எண் தப்பானால், ரிப்போர்ட்டே பொய்.

அமலா விடுமுறையில் இருந்த ஒரு நாள், புதிய சென்சார் ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். முறைப்படி அதற்குத் தனிப் பதிவு தொடங்க வேண்டும். யார் அவ்வளவு நேரம் உட்காருவது? என் லாகின் வேறு காலாவதியாகிக் கிடந்தது. அமலாவின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் – எப்போதோ கேட்டு வாங்கியது. அவள் பெயரில் நுழைந்து, பழைய சென்சாரின் எண்ணையே மாற்றினேன். சோதனை முடிந்ததும் பழைய சென்சாரை அதன் இடத்தில் வைத்தேன். பழைய எண்ணை வைக்க... மறந்துவிட்டேன்.

புதியதன் எண் பத்து மடங்கு பெரிது. அதனால் அதற்குப் பிறகு பழைய சென்சாரில் எல்லா நடுக்கமும் பத்தில் ஒரு பங்காகத் தெரிந்தது. மானாம்பதிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் மோட்டாருக்கு 'நலம்' என்று ரிப்போர்ட் போனது. அறுப்பு நேரத்தில் பேரிங் உடைந்து ஆலை நின்றது.

ஆலைக்காரர் நேரே வந்துவிட்டார். "மெஷினு நல்லா கீதுன்னு சீட்டு குடுத்தது எவன்யா? வெளிய நெல்லு நனைஞ்சிக்கினு கீது!"

எங்கள் முதலாளி டேட்டாபேஸைத் திறந்தார். கடைசியாக மாற்றியவர் – அமலா. அன்றே அனுப்பிவிட்டார். நான் அதே அறையில் இருந்தேன்.

பஸ் நிலையத்தில் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அமலா, அந்த எண்ணை மாத்தினது நான்தாம்மா."

"தெரியும் சார்."

"எப்படி?"

"அன்னிக்கி நான் தங்கச்சி வளைகாப்புல இருந்தேன். மொதலாளிகிட்டயும் சொன்னேன். 'அப்ப பாஸ்வேர்ட யாருக்குக் குடுத்தே?'ன்னாரு. உங்களத் திரும்பிப் பாத்தேன் சார். நீங்க கண்ணாடியத் தொடச்சிக்கினு இருந்தீங்க."

துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமேம்மா..."

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வேறு கூடங்களிலும் வேலை கேட்டாளாம். எல்லோரும் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார்கள். அதோடு சரி. வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் அங்கிருந்து நேராக முதலாளியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை விட இருபது வயது சின்னவர். "ஏன் சார் அப்பவே..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரச் சொன்னார்.

ஸ்பீக்கரில் அமலாவின் குரல் வந்தது.

"வரேன் சார். பெரியவரு எந்தெந்த நாளு வருவாரு? அந்த நாளுக்கு மட்டும் வேற யாரையாச்சும் போட்டுக்குங்க."

"ஏம்மா, அவர் மேல கோவமா?"

"கோவம் இல்ல சார். அவரு மறுபடி பாஸ்வேர்டு கேப்பாரு. அவருகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வராது."

நான் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தவன், பெரியவன் என்று மரியாதை கொடுக்கிறார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நாம் என்னவெல்லாம் வாங்கிவிடுகிறோம்!

திங்கட்கிழமையிலிருந்து அமலா வேலைக்குப் போகிறாள். எல்லா நாளும்.

நான் போவதில்லை.