எங்கள் சிம்னியில் கிடைத்த எண்ணெய்

அனுமந்தன்பட்டியில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு ஒருநாள் காலை, சமையலறைச் சிம்னியை இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொல்லி ஒருவன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எனக்கு அது போதுமே, உள்ளே அழைத்துவிட்டேன்.

அடுப்புக்கு மேலே கையை விட்டுக் குடைந்தவன், கறுப்பாக எண்ணெய் சொட்டும் துணியை என் மூக்கருகே நீட்டினான்.

"அண்ணே, உள்ள பூரா எண்ணெய். அடுத்து சுவிட்சப் போட்டா மோட்டாரு பத்திக்கிரும். இன்னைக்கே மாத்திருங்க."

ஊரில் எல்லோரையும் கேலி செய்கிற ஆள் நான். அன்று மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரைக் கழற்றி, தெருவரை உருட்டிக்கொண்டு ஓடினேன். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. திரும்பி வந்து மூச்சு வாங்க, "எதை மாத்தணுமோ எல்லாத்தையும் மாத்துப்பா" என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குழம்பு வைத்துக்கொண்டிருந்த என் மனைவி, சத்தம் கேட்டுக் கரண்டியோடு வந்தாள். துணியைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, குடி வந்தன்னைக்குப் பால் காய்ச்சினதோட சரி, இந்த அடுப்ப நாங்க பத்த வச்சதே இல்ல. புது டைல்ஸ் அழுக்காகும்னு சமையல் பூரா பின்னாடிதான். இது யாரு வீட்டு எண்ணெய்?"

"காத்துல வந்து ஒட்டியிருக்கும்க்கா."

"எங்க ஊருக் காத்து மலையில இருந்துல்ல வருது, வடைச் சட்டியில இருந்தா வருது?"

பையைக்கூட மூடாமல் நழுவினான். அழுக்குத் துணியைக் கையோடு கொண்டுவந்து அடுத்தவன் வீட்டில் 'கண்டுபிடிக்கிற' அந்தப் பிழைப்பை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் எங்கே சமைக்கிறோம் என்பது அவனுக்குத்தான் தெரியாது. தினமும் கொட்டகைச் சோற்றைத் தின்கிற நான் எப்படி மறந்தேன் என்று மனைவி இதுவரை கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.