அரிஷ்டம் இரண்டு மூடி

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் குளிர் திராட்சைக்குப் போதாது. கொடி சரியாகத் தூங்காது, அதனால் ஒன்றுபோல் விழிக்கவும் செய்யாது. அப்படியே விட்டால் ஒரு கொத்து பழுக்கும்போது இன்னொன்று காயாகவே நிற்கும். அதற்காகக் கவாத்து வெட்டிய கையோடு, துளிர் விடும் ஒவ்வொரு கண்ணிலும், கொடியை எழுப்பும் மருந்தைத் துணியில் நனைத்துத் தடவுவோம்.

அன்று தடவியது நானும் மதினியும்தான். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் கையைத் தூக்கியபடியே வேலை. மருந்து கையுறைக்குள் இறங்கி முழங்கை வரை வழிந்தது. சேலையில் துடைத்துக்கொண்டோம்.

மதியச் சோறு முடிந்ததும் மதினி, "தோளு ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்குத்தா" என்றாக. உடம்பு வலிக்காக நான் குமுளியில் வாங்கிய ஆயுர்வேத அரிஷ்டம் பையில் இருந்தது. இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தேன். தூக்குச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டு எனக்கு ஒரு மூடி ஊற்றப் போனபோது மதினியைப் பார்த்தேன். முகம், கழுத்து, காது எல்லாம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"நெஞ்சு அடிக்கிறதப் பாரு" என்று என் கையை இழுத்து வைத்தாக. உள்ளே ஏதோ உதைப்பது போலிருந்தது. பிறகு மூச்சு வாங்கியது. அப்படியே வரப்பில் சரிந்துவிட்டாக.

என் அலறலைக் கேட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் சுமை ஆட்டோவை எடுத்து வந்தார். கம்பம் வரும்வரை மதினியின் தலை என் மடியில். கண் செருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினேன். செத்துப்போனால் அவுக பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது மட்டுமே மனசில் ஓடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருக்காங்களா?"

"எங்க மதினிய என்னன்னு நெனச்சீக?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என்ன வேலை பார்த்தோம் என்று கேட்டார். கொடியின் கண் விழிக்கத் தடவும் மருந்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அதுக்கப்புறம் மருந்து, டானிக்னு ஏதாவது?"

"அரிஷ்டம்." இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்ததைச் சொன்னேன்.

"அரிஷ்டத்துலயும் சாராயச் சத்து இருக்கும்மா. இந்த மருந்து பட்ட உடம்புல அது சேரவே கூடாது."

ஆக்ஸிஜன் வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் விழுந்து விழுந்து ஏறியது. பொழுது சாயும்வரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் மதினி கண் திறந்து தண்ணீர் கேட்டாக. டம்ளரை வாயில் வைத்துப் பிடித்தேன்.

ஓடி வந்த என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: "தடவுற நாள்ல தண்ணியடிக்கக் கூடாதுன்னு கடைக்காரரு சொன்னாரு. ஆம்பளையாளுககிட்ட சொல்லி வச்சேன். ஒங்ககிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகைதான் வந்தது. மூடியில் நான் ஊற்றிக்கொடுத்ததையும் அவரிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் மதினி வீடு திரும்பினாக. மீதியிருந்த வரிசைகளை நானும் வீட்டுக்காரருமாக, முழங்கைக்கு மேல் ஏறும் கையுறை போட்டுத் தடவினோம். இரண்டு வாரத்தில் பந்தல் முழுக்க ஒரே சீராகத் துளிர்த்தது. பார்க்க வந்த மதினி, "நல்லாத்தான் வந்துருக்கு" என்றாக. ஆனால் பந்தலுக்குள் நுழையவில்லை. வாய்க்கால் பக்கமே நின்றுகொண்டாக. நான் கூப்பிடவும் இல்லை.