அரசமரத்தடியில் வைத்த புத்தகம்

சமஸ்கிருதமும் பாளியும் என் பெரியப்பாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. சிங்களம் மட்டும் வராது. வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காய் வேண்டுமென்றால் விரலை நீட்டிக் காட்டுவார். பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரே ஒரு புத்தகத்தை எழுதினார். தமிழர் பௌத்தர்களாக வாழ்ந்த காலத்தைப் பற்றிய புத்தகம். நான் பிறக்க முன்னரே தொடங்கியது. நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் முடியவில்லை. "அவங்கட சமயம் உங்களுக்கேன்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சிங்கள நண்பர்கள் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போனார்கள்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகம் அதை அச்சிட ஒப்புக்கொண்டது. பிழை திருத்தவென்று கட்டுக்கட்டாகத் தாள்கள் வரும். அவற்றில் பாதிக்கு மேல் பெரியப்பா ஊர் ஊராக அலைந்து பிடித்த புத்தர் சிலைகளின் படங்கள். திருத்தி முடிந்த பழைய தாள்கள் அலுமாரிக்குக் கீழே சேரும். கால் வைக்க இடமில்லை என்று சலித்துக்கொண்டு பெரியம்மா அவற்றை, பழையது வாங்க வீடு வீடாக வரும் பேப்பர் போத்தல்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார். அது எப்போதும் நடப்பதுதான்.

அந்த முறை தாள்கள் பிரதான வீதியான காலி வீதியில் ஒரு வடைக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. இறால் வடையைச் சுற்றிக் கொடுத்த தாளில் புத்தர், முகம் முழுக்க எண்ணெய். வாங்கியவர் போனில் படமெடுத்துப் பரப்பிவிட்டார். அன்றைக்கே பொலிஸ் வந்தது. கடைக்காரர் போத்தல்காரரைக் காட்டினார், போத்தல்காரர் எங்கள் அடுக்குமாடியைக் காட்டினார்.

சிங்களம் தெரிந்த என் அப்பா பெரியப்பாவோடு பொலிஸ் நிலையத்துக்குக் கூடப் போனார். அங்கே நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். பெரியப்பா பௌத்தரா என்று கேட்டார்களாம். இல்லை என்றாராம். பிறகு எதற்கு இத்தனை புத்தர் படம் என்று கேட்டார்களாம். ஒரு வாழ்நாளுக்கான பதில் அவரிடம் இருந்தது, அங்கே செல்லுபடியாகும் மொழியில் இல்லை. அப்பா சொல்லிக்கொடுத்த சிங்களத்தில் பெரியப்பா மன்னிப்புக் கேட்டார். இனி அந்தப் படங்களைக் கிழிக்கவோ எரிக்கவோ எறியவோ கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். புத்தரைப் படிப்பதிலேயே காலத்தைக் கழித்த மனிதர் புத்தரை அவமதித்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த நாள் அச்சக முதலாளி புத்தகத் தாள்கள் எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தானே வந்தார்.

"குறை நினைக்காதேங்கோ சேர். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. கம்பியூட்டரில இருந்ததையும் அழிச்சிட்டன்."

வேறு அச்சகங்களும் கையை விரித்தன. வீட்டு மணி அடித்தாலே பெரியம்மா நடுங்கினார். "பொலிஸ்காரர் திரும்ப வந்து பாத்தினமெண்டா என்ன செய்யிறது? எங்கயாவது கொண்டுபோங்கோவன்." படமுள்ள தாள்களை மட்டும் பிரித்தெடுக்கப் பெரியப்பா நிலத்தில் உட்கார்ந்தார். நானும் கூட இருந்து அடுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார்.

"எல்லாத்தையும் ஒண்டாக் கட்டுவம் பிள்ளை. புத்தர் இல்லாத பக்கம் இதில எங்க இருக்கு?"

உடைந்த புத்தர் சிலையையும் மங்கிய படத்தையும் சிங்களவர் குப்பையில் போடமாட்டார்கள். விகாரையின் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் செய்தார். கையால் எழுதிய மூலப்பிரதியையும் விட்டுவைக்கவில்லை. கை போன சிலைகளுக்கும் கண்ணாடி வெடித்த படங்களுக்கும் நடுவில் கட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இது ஏதோ பூசை என்று நினைத்து, புலமைப்பரிசில் சோதனையில் பாஸாக வேண்டும் என்று நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

"மழை வந்தா நனையுமே, பெரியப்பா?"

"ஓம்" என்றார்.

திரும்பி வந்ததும் அவர் லிஃப்டில் ஏறவில்லை. கீழே வாகனம் கழுவுகிற குழாயடிக்குப் போய், உடுத்த உடுப்போடு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். காவலாளி பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துவாயோடு இறங்கி வந்த பெரியம்மா கிட்டே வராமல் தூரத்தில் நின்று அழுதார். பெரியப்பா வாளியை மறுபடி நிரப்பி என் பக்கம் தள்ளினார்.

"நீயும் ஊத்து பிள்ளை. பிறகுதான் வீட்டுக்குள்ள போகலாம்."

கோயிலுக்குப் போவதற்கு முன்தானே எல்லோரும் குளிப்பார்கள், போய்வந்த பிறகு எதற்கு என்று கேட்டுக்கொண்டே நான் தலையில் தண்ணீரை ஊற்றினேன்.