உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு

வரப்பில் கரிசலாங்கண்ணி பூத்திருக்கிறது. சின்னாயி இருந்தால் இந்நேரம் அவள் விரல்கள் கறுத்திருக்கும்.

சங்ககிரிக்குக் கிழக்கே, எங்கள் ஊர் ஏரிப் பாசன வயல்களில் களையெடுத்தவள் அவள். மற்றக் களையெல்லாம் வரப்பில் விழும். சட்டைப் பொத்தானளவு வெள்ளையாய்ப் பூக்கும் இந்தப் பூண்டு மட்டும் அவள் மடிக்குள் போகும்.

“சின்னாயி, களையெடுக்க வந்தியா, பூப்பறிக்க வந்தியா?” என்பாள் வயல்காரி அங்கம்மாள்.

“பொறக்கப்போற உங்க பேரனுக்குத்தானுங்க. வேண்டாம்னா எறிஞ்சு போடறேன்.”

“எறிஞ்சிருவியா? எறி, பாக்கலாம்!”

சாறு பிழிந்து வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்துவாள், மூன்று தடவை. அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியை வழித்துக் குழைப்பாள். ஊரில் பிறந்த எல்லோருக்கும் முதல் மை அவளுடையதுதான். இட்டது மட்டும் அவளில்லை. பதினெட்டு வயதில் தாலியறுத்தவள். கொட்டாங்குச்சியில் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

தாயில்லாத தங்கை குஞ்சம்மாளை வளர்த்து உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில், ஏரி வறண்டு வெடித்துக் கிடந்த வருஷம், தங்கைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. வயலில் ஒரு பூண்டு இல்லை. சின்னாயி பள்ளிபாளையம்வரை நடந்து, காவிரிக் கரை ஈரத்தில் தேடி வந்தாள். ஒரு திரிக்குத்தான் தேறியது.

தொட்டில் போட்ட அன்று குஞ்சம்மாளின் மாமியார் பொன்னாயி வாசலிலேயே மையை வாங்கிக்கொண்டாள்.

“கோவிச்சுக்காத சின்னாயி. மொதப் பேரன். தள்ளியே நில்லு.”

“அதுக்கென்னுங்க.”

பொன்னாயி உள்ளே போனதும் குஞ்சம்மாள் பிள்ளையோடு வெளியே வந்துவிட்டாள். “அக்கா, பொட்டு நீ வெய்யி.”

“வேண்டாஞ் சாமி. நாளைக்கு அவனுக்கொரு தும்மல் வந்தாலும் எம் பேருதான் வரும்.”

“வந்தா வரட்டும். உங் கையில வளந்த நான் செத்தா போயிட்டேன்?”

பிள்ளை வருமுன்பே உள்ளே தாலாட்டு தொடங்கியது. சின்னாயி தன் விரலில் மிச்சமிருந்த கரியைக் குழந்தையின் இடது உள்ளங்காலில் மெல்ல ஒற்றி, அந்தக் காலைத் துணிக்குள் மூடினாள். பின்பு விடுவிடென்று நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை பொன்னாயி கால்களை நீட்டி, பேரனைக் கிடத்திக் குளிப்பாட்டினாள். பொட்டு அவள் கண்ணில் பட்டது. குஞ்சம்மாள் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டாளாம்.

“தண்ணி ஊத்து, என்ன பாக்கற?” என்றாள் பொன்னாயி. உடம்பெல்லாம் தேய்த்தாள். அந்த இடது காலை மட்டும் தண்ணீர் படாமல் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.