முதலாளி வாக்குக் கேட்ட ஞாயிறு

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவின் முதலாளி பாராளுமன்றத் தேர்தலில் நின்றார். நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த ஆரா நகருக்கு வெளியே அவருக்கு ஒரு உணவகம் இருந்தது. அதன் சமையலறையில்தான் அப்பா பாத்திரம் கழுவினார். முதலாளி நல்ல மனிதர் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து இருக்கவில்லை. முதல் குளிருக்கு அப்பாவின் காலுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆகவே அவருடைய முகம் தெருவெல்லாம் சுவரொட்டியில் சிரித்தபோது, சொந்தத்தில் ஒருவர் பெரியாளாகிவிட்டதுபோல நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

ஞாயிறு காலையில், தேவாலயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு உணவகத்தின் பெரிய மண்டபத்தில் பியரும் சொசேஜும் இலவசம். ஒரு மூலையில் அக்கோர்டியன் வாசிப்பார்கள். வயிறு நிறைந்த பிறகு முதலாளி பேசுவார். அம்மா ஞாயிறுகளில் மருத்துவமனையைத் துப்புரவாக்கப் போய்விடுவதால், அப்பா என்னையும் கூட்டிப்போவார். உருளைக்கிழங்கு மூட்டையில் உட்கார்ந்து, சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் கூட்டத்தில் பால் விலையைப் பற்றியும் புதிய வீதியைப் பற்றியும் பேசினார். கேட்டவர்கள் கடுகுக் கூழைத் தொட்டுத் தொட்டுத் தின்றார்களே தவிர, யாரும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு, பேச்சின் நடுவே, 'தமிழர்கள்' என்றார். மண்டபம் நிமிர்ந்தது. அவர் வியாபாரி அல்லவா, எந்தச் சரக்கு விலைபோகும் என்று அந்தக் கணமே கண்டுகொண்டார். திரும்பச் சொன்னார். கை தட்டினார்கள். இன்னும் உரக்கச் சொன்னார். மேசைகளில் குத்தினார்கள்.

அவர் பேசியது ஊர் ஜெர்மன், எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட ஜெர்மன். 'தமிழர்கள்', 'வீடு' என்ற இரண்டு சொற்கள்தாம் பிடிபட்டன. நாங்கள் அப்போது அகதிகள் விடுதியில் ஒற்றை அறையில் இருந்தோம். ஒரு வீடு கிடைக்காதா என்பதுதான் அம்மாவின் அன்றாடப் புலம்பல்.

"அப்பா, முதலாளி எங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்" என்றேன்.

நுரைக்குள் அவருடைய கைகள் நின்றன. "என்னவாம்?"

"எங்களுக்கு வீடாம். எல்லாரும் கை தட்டுகினம்."

அப்பாவின் ஜெர்மன், தட்டு, கத்தி, கெதியாகச் செய் என்பவற்றோடு முடிந்துவிடும். முகம் மலர்ந்து கைகளைத் துடைத்தார். என் தலைமயிரைக் கோதிவிட்டார். "ஓடிப்போய் நன்றி சொல்லிப்போட்டு வா, பிள்ளை."

நான் மண்டபத்துக்குள் போய், முதலாளியின் முன் நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரியே தெளிவாக நன்றி சொன்னேன். அக்கோர்டியன்காரர்கூட அசையவில்லை. முதலாளியின் கழுத்து சிவந்தது. அது ஒரு நொடிதான். பிறகு என்னைத் தூக்கிக் கதிரையில் நிறுத்தி, தலையில் கை வைத்து, ஏதோ சொன்னார். மண்டபமே அதிரச் சிரித்துக் கை தட்டியது. எனக்கு ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொன்னார்.

அவர் சொன்னதை இத்தாலியச் சமையல்காரர் அப்பாவுக்குக் கையாலும் அரைகுறை வார்த்தைகளாலும் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் திரும்பி வந்தேன். பாருங்கள், ஊருக்கு, சொந்த வீட்டுக்கு அனுப்பினால் இவர்களுக்கும் சந்தோஷம்தான், பிள்ளையே வந்து நன்றி சொல்கிறது என்பதுதான் அந்தப் பேச்சு என்று எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. முன்பு இதே மண்டபத்தில் இத்தாலியர்களான எங்களைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள் என்று சமையல்காரர் தோளைக் குலுக்கினார். அப்பா தொட்டிப் பக்கம் திரும்பினார். மிச்சத் தட்டுகளை எல்லாம் கழுவினார். கழுவியவற்றையும் எடுத்துத் திரும்பக் கழுவினார்.

புறப்படும்போது முதலாளி வந்து அப்பாவின் தோளில் தட்டினார். உன்னைச் சொல்லவில்லை, இது தேர்தல் என்று சமையல்காரர் வழியாகச் சொன்னார். அடுத்த ஞாயிறும் பிள்ளையைக் கூட்டி வா, உங்கள் ஊர்ச் சட்டை ஏதாவது போட்டு என்றார்.

அன்று பின்னேரம் அம்மாவும் அப்பாவும் சத்தம் எழும்பாமல் சண்டை பிடித்தார்கள்.

"வேலை போனால் விசாவுக்கு என்ன செய்யிறது?" என்றார் அப்பா.

"அதுக்காகப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கதிரையில ஏத்துவியளோ?"

அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல் என்று அப்பா முதலாளியிடம் சொன்னார். காய்ச்சலே இல்லாமல் கல்லுமாதிரி இருந்த நான் போர்வைக்குள் கிடந்து அழுதேன். எனக்காக ஒரு மண்டபமே கை தட்டியது அம்மா அப்பாவுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

முதலாளி வென்றார். அதற்குப் பிறகு அவர் சமையலறைப் பக்கம் வரவில்லை. பனி கொட்டத் தொடங்குமுன் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஜெர்மன் பேசும் ஷாஃப்ஹவுசனில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், வேலையும் பார்த்து வைத்திருந்தார்கள். அப்பா அங்கே போக மறுத்தார். அலைந்து திரிந்து அனுமதி எடுத்து, யாரையும் தெரியாத ஃப்ரிபூர்க்குக்கு, பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கு, எங்களைக் கொண்டுபோனார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, பிள்ளை இன்னொரு பாஷையும் படிக்கட்டும் என்றார். அரும்பாடுபட்டுப் படித்த ஜெர்மன் வீணாகிவிட்டதே என்று ரயில் முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

புதிய பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் அப்பா கைபிடித்துக் கூட்டிப்போனார். வாசலில் நின்ற இரண்டு பெரிய பெடியங்கள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அப்பா குனிந்து கேட்டார்.

"என்ன சொல்லுறாங்கள், விளங்குதோ?"

"விளங்கேல்லை."

"நல்லது" என்றார்.

என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துக் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.